காரணம் எழுதப்படாத ஸ்டீராய்டு பஃப்பும் சளியில் வளரும் பூஞ்சையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்ஹேலரைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறோம். ஆஸ்துமாவுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பிரசாரத்தைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் அதே அறிவுரை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வேறொரு நோய்க்கும் கேட்பாரில்லாமல் நீண்டுவிட்டது. இருமல், இளைப்பு, சளி மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது என்பதால் வந்த வினை இது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை நீண்டகாலம் கொடுக்க வழிகாட்டுதல்கள் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இரண்டுதான்: கூடவே ஆஸ்துமா இருக்க வேண்டும், அல்லது ஏபிபிஏ எனப்படும் நுரையீரல் பூஞ்சை ஒவ்வாமை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பஃப்களைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். சளிப் பரிசோதனையில் பூஞ்சை வளர்ந்ததாக ரிப்போர்ட் வந்த வீடுகளில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

நோயைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சிஎஃப்டிஆர் மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் இந்த நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். உப்பும் நீரும் செல்கள் வழியாகச் சரியாகப் போய்வராததால் மூச்சுக்குழாய்ச் சளி பசையாகிவிடுகிறது. கணையச் சுரப்பும் அடைபடுகிறது. வியர்வை உப்புக் கரிக்கிறது. வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உறுதியாகும் பாதையில் இருக்கிறோம் என்று பொருள். 30 முதல் 59 வரை சந்தேக எல்லை. வேலூர் சிஎம்சி, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இதற்குத் தனிக் கவனிப்பு உண்டு. மற்ற இடங்களில் இது 'வெள்ளைக்காரர் வியாதி' என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதனால் பல பிள்ளைகள் முதலில் ஆஸ்துமா என்றும், பிறகு காசநோய் என்றும் வைத்தியம் பார்க்கப்பட்டு, கடைசியில்தான் வியர்வைப் பரிசோதனைக்கு வருகிறார்கள். நோயின் பெயர் மாறுகிறது. ஆஸ்துமாவுக்கென்று தொடங்கிய ஸ்டீராய்டு மட்டும் மாறாமல் சீட்டில் தங்கிவிடுகிறது.

ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முட்டாள்தனமானது அல்ல. இந்த நோயில் நுரையீரலைச் சிதைப்பது கிருமி மட்டுமல்ல, கிருமிக்கு எதிராக உடல் காட்டும் அடங்காத அழற்சியும்தான். அழற்சியை அடக்கினால் நுரையீரல் பிழைக்குமே என்றுதான் நினைத்தார்கள். 1990-களில் அமெரிக்காவில் ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் நுரையீரலுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் உயரம் குறைந்தது, கண்ணில் புரை வந்தது, சர்க்கரை ஏறியது. அதிக அளவு மருந்து பெற்ற பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை ஆபத்து என்றால் மருந்தை நேராக நுரையீரலுக்கே அனுப்புவோம் என்பது அடுத்த தர்க்கம்.

அந்தத் தர்க்கத்தைத்தான் பிரிட்டனில் சோதித்தார்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த 171 நோயாளிகளை, குழந்தைகளும் பெரியவர்களுமாக, இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஃப்ளூட்டிகசோனும் மறு பிரிவுக்கு வெறும் போலி மருந்தும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களுக்கு நெஞ்சுத்தொற்று முன்கூட்டி வரவில்லை. எஃப்ஈவி1 எனப்படும் ஊதும் திறன் விழவில்லை. ஆன்டிபயாடிக் தேவை கூடவில்லை. அடுத்த ஆண்டே, 2007-ல், அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஆஸ்துமாவோ ஏபிபிஏவோ இல்லாத நிலையில், இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. அதே 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பருவமடையாத பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம் ஃப்ளூட்டிகசோன் ஓராண்டு கொடுத்ததில், போலி மருந்து பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர் வளர்ந்தபோது இவர்கள் நான்கு சென்டிமீட்டரே வளர்ந்தார்கள். சத்து உறிஞ்சாத குடலோடு போராடும் பிள்ளைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை.

இனி பூஞ்சைக்கு வருவோம். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து இரண்டு, மூன்று மைக்ரான்தான் இருக்கும். தினமும் நூற்றுக்கணக்கில் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான நுரையீரலில் சளிப்படலம் அதை மேலே தள்ளிவிடும். தப்பி உள்ளே போனதை நுண்ணறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் விழுங்கிக் கொல்லும். முளைத்து இழையாகிவிட்டால் நியூட்ரோஃபில் வெள்ளணு வந்து தாக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் முதல் காவல் ஆரம்பத்திலேயே செயலற்றுப் போகிறது, கெட்டிச் சளி நகர்வதில்லை. ஸ்டீராய்டு இரண்டாவது காவலை மந்தப்படுத்துகிறது: மேக்ரோஃபேஜ் வித்தை விழுங்கினாலும் கொல்லும் வேகம் குறைகிறது. போதாக்குறைக்கு, ஹைட்ரோகார்டிசோன் கலந்த ஊடகத்தில் இந்தப் பூஞ்சை இன்னும் வேகமாக வளர்கிறது என்று ஆய்வகத்தில் 1994-லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பூஞ்சையைக் குடியேற வைக்கிறது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதில்லை. ஏதென்ஸ் நகர மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, ஸ்டீராய்டு பஃப் அதிகம் எடுத்தவர்களிடம் அஸ்பெர்ஜில்லஸ் தொற்று அதிகம் என்று எழுதினார்கள். ஆனால் யாருக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறோம்? வீசிங் உள்ளவருக்கு, ஊதும் திறன் சரிந்துகொண்டிருப்பவருக்கு. அந்த வீசிங்குக்கே பூஞ்சை காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் மருந்து பூஞ்சையைக் கொண்டுவரவில்லை, பூஞ்சைதான் மருந்தைக் கொண்டுவந்தது. அதே ஏதென்ஸ் குழு, நாட்பட்ட பூஞ்சைக் குடியேற்றத்துக்கும் நுரையீரல் திறன் சரிவுக்கும் இருவழி உறவு இருக்கலாம் என்றும் எழுதியது. போதாதென்று இன்னொரு சந்தேக நபரும் இருக்கிறார். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை 300 மில்லிகிராம் வீதம் காலை, மாலை 28 நாள் இழுத்து 28 நாள் விடும் சிகிச்சையின் முதல் பெரிய ஆய்வு 1999-ல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களின் சளியில் அஸ்பெர்ஜில்லஸ் கூடுதலாகத் தென்பட்டது. பாக்டீரியா ஒதுங்கிய இடத்தைப் பூஞ்சை பிடித்துக்கொள்கிறது. ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான அந்த மருந்தின் பயன் நிரூபிக்கப்பட்டது. அதை விட முடியாது. காரணமில்லாத ஸ்டீராய்டுக்கு அப்படி ஒரு பயன் நிரூபிக்கப்படவே இல்லை. பயன் தெளிவாக இருக்கும் மருந்துக்குத்தான் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சளியில் பூஞ்சை என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்து என்ன? இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். 'கேண்டிடா வளர்ந்தது' என்றால் பெரும்பாலும் அது வாயிலிருந்து வந்தது. பஃப் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. அஸ்பெர்ஜில்லஸ் ஒரே ஒரு முறை வளர்ந்தால், அந்த வாரம் சுவாசித்த வித்தாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி வளர்ந்தால் அது குடியேறிவிட்டது. குடியேற்றம் வேறு, ஒவ்வாமை வேறு, பூஞ்சை மூச்சுக்குழாய் அழற்சி வேறு. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. அறிகுறியே இல்லாமல் குடியேறியிருக்கும் பூஞ்சையை விரட்டவென்று மருந்து கொடுப்பதில் பலன் நிரூபணமாகவில்லை. கனடாவில் 35 பேரிடம் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது, பயன் தெரியவில்லை. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மருந்து எடுத்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரத்தத்தில் மருந்து போதுமான அளவை எட்டவே இல்லை.

பூஞ்சை 'இல்லை' என்ற ரிப்போர்ட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்குச் சளியைக் கரைத்து, நீர்த்து, இரண்டு நாளில் தட்டை வீசிவிடுவார்கள். அதில் சூடோமோனாஸ் முந்திக்கொண்டு படர்ந்து பூஞ்சையை மறைத்துவிடும். மாதிரி எடுப்பதிலிருந்தே சரியாக இருக்க வேண்டும். காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, உப்புநீர் நெபுலைசேஷன் எடுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் கோழையை அகன்ற வாயுள்ள ஸ்டெரைல் டப்பாவில் பிடிக்க வேண்டும், எச்சில் பயன்படாது. பழுப்பு நிறக் கட்டியோ இழையோ வந்தால் அதையே அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் 'சளி கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் போதாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி, பூஞ்சை கல்ச்சர் வேண்டும், தட்டுகளை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கவும், சீடோஸ்போரியத்தையும் தேடவும் என்று எழுத வேண்டும். சீடோஸ்போரியம் மெதுவாக வளரும் இன்னொரு பூஞ்சை, ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காது, நுரையீரல் மாற்று சிகிச்சை வரை போகும் நோயாளிக்கு அது பெரிய தலைவலி. அஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தாலும் எந்த இனம் என்று கேட்டு வாங்க வேண்டும். நம் நாட்டில் ஃப்ளேவஸ் இனமும் சாதாரணமாகக் கிடைக்கிறது. டெரியஸ் ஆம்ஃபோடெரிசினுக்குப் பணியாது. வயலில் தெளிக்கும், இட்ராகோனசோலின் அதே அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகளோடு தொடர்புள்ள மருந்து எதிர்ப்புத் திறனும் இந்தியாவில் மண்ணிலிருந்து எடுத்த ஃப்யூமிகேட்டஸில் 2012-லேயே பதிவாகியிருக்கிறது. மருந்துக்கு மசியாத பூஞ்சைக்கு சென்சிட்டிவிட்டி பார்க்காமல் டோஸை மட்டும் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

ஏபிபிஏ என்பது பூஞ்சை திசுக்குள் புகுந்து அரிப்பது அல்ல. மூச்சுக்குழாயில் உட்கார்ந்திருக்கும் பூஞ்சைக்கு உடல் காட்டும் மிகையான ஒவ்வாமை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காத இருமல், புதிதாக வீசிங், பழுப்புக் கட்டிகள், எக்ஸ்ரேயில் இன்று இங்கே நாளை அங்கே என்று இடம் மாறும் நிழல்கள் கண்டால் சந்தேகிக்க வேண்டும். இந்த நிழல்களைக் காசநோய் என்று எடுத்துக்கொள்வது நம்மூரில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப்பொருளின் மொத்த அளவைப் பார்க்க வேண்டும் என்பது 2003-லிருந்து இருக்கும் ஒருமித்த பரிந்துரை. 500-க்கு மேல் இருந்தால் அஸ்பெர்ஜில்லஸுக்கான தனி ஐஜிஇ அல்லது தோல் பரிசோதனை. 200 முதல் 500 வரை இருந்து சந்தேகமும் வலுவாக இருந்தால் மறுபடி பார்ப்பது. இங்கே ஒரு எச்சரிக்கை: குடற்புழு இருந்தாலும் மொத்த ஐஜிஇ எகிறும். மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஏபிபிஏ முத்திரை குத்தக் கூடாது. ஃப்யூமிகேட்டஸ் ஐஜிஇ 0.35-க்கு மேல் இருப்பது கட்டாயம். அதோடு ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப்பொருள், ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 500-ஐ எட்டுவது, ஸ்கேன் மாற்றங்கள் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மூச்சுக்குழாய் விரிவு எப்படியும் இருக்கும் என்பதால் ஸ்கேன் இங்கே அவ்வளவு துணை செய்யாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையோ அதிக அளவு பஃப்போ ஓடிக்கொண்டிருக்கும்போது இரத்தம் எடுத்தால் ஈசினோஃபில் பொய்யாகக் குறைந்து காட்டும். என்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து என்று பரிசோதனைச் சீட்டிலேயே குறித்துவிடுவது நல்லது.

ஏபிபிஏ உறுதியானால் வைத்தியம் ப்ரெட்னிசலோன் மாத்திரை. கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு சில மாதங்களில் படிப்படியாகக் குறைப்பு. கூட இட்ராகோனசோல், அல்லது சிலருக்கு அது மட்டுமே. பஃப்பின் அளவை இரட்டிப்பாக்கி ஏபிபிஏவைச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆஸ்துமாவோடு ஏபிபிஏ உள்ளவர்களிடம் சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதிக அளவு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தபோது ஐஜிஇ இறங்கவில்லை, ஏறியது. மாத்திரை தொடங்கியபின்தான் இறங்கியது. பஃப் வீசிங்கைக் குறைக்கலாம். பூஞ்சை ஒவ்வாமையை அது அடக்காது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம். பூஞ்சைக்கென்று இட்ராகோனசோல் எழுதுகிறோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புடெசோனைடு அல்லது ஃப்ளூட்டிகசோனை அப்படியே விட்டுவிடுகிறோம். இந்த ஸ்டீராய்டுகள் நுரையீரலிலிருந்தும் விழுங்கிய பங்கிலிருந்தும் இரத்தத்தில் கலந்ததும், கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதிதான் அவற்றை உடைத்துச் செயலிழக்கச் செய்கிறது. பஃப் பாதுகாப்பானது என்று நாம் சொல்வதற்கு அடிப்படையே அந்த நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. விளைவு, 400 மைக்ரோகிராம் பஃப் எடுக்கும் பிள்ளையின் உடலுக்குள் மாத்திரை அளவுக்கு ஸ்டீராய்டு சேரக்கூடும். உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தனக்கு வேலையில்லை என்று தூங்கிவிடுகிறது. கோபன்ஹேகன் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட கணக்கு இது: இட்ராகோனசோலும் புடெசோனைடும் சேர்ந்து எடுத்த 25 சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் 11 பேருக்கு அட்ரீனல் குறைபாடு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், முதல் அறிகுறி நல்ல செய்தி மாதிரி வருகிறது. எடை ஏறாத பிள்ளை திடீரென்று கன்னம் உப்பி, வயிறு வைத்து, நன்றாகச் சாப்பிடுகிறது. வருடக்கணக்கில் கணைய என்சைம் கேப்ஸ்யூலும் நெய்யுமாக எடைக்குப் போராடிய தாய் சந்தோஷப்படுகிறார். எடை அட்டையில் கோடு மேலே போவதைப் பார்த்து மருத்துவரும் தட்டிக்கொடுக்கிறார். உயரக் கோடு படுத்துக்கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. எடை ஏறி உயரம் நின்றால் அது ஸ்டீராய்டு என்றுதான் முதலில் எண்ண வேண்டும். தொடையில் ஊதாக் கோடுகள், கன்னத்தில் முடி, காரணமில்லாமல் நீலம் பாய்ந்த தோல், ஏறும் இரத்த அழுத்தம், ஏறும் சர்க்கரை இவை அடுத்தடுத்து வரும். பத்து வயதுக்கு மேல் எப்படியும் ஆண்டுதோறும் சர்க்கரைக் கரைசல் குடித்துப் பார்க்கும் பரிசோதனை இந்த நோய்க்குத் தேவை. ஸ்டீராய்டு கலந்த ஆண்டில் அதைத் தவறவிடவே கூடாது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. இட்ராகோனசோல் எழுதும் அன்றே பஃப் அவசியமா என்று கேட்க வேண்டும். ஆஸ்துமா இல்லையென்றால் மருத்துவர் மேற்பார்வையில் குறைத்து நிறுத்தலாம். ஆஸ்துமா இருந்து நிறுத்த முடியாதென்றால் பெக்லோமெத்தசோனுக்கு மாற்றலாம். இந்த நொதியை அது அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. மாத்திரையில் மெத்தில்ப்ரெட்னிசலோனைத் தவிர்த்து ப்ரெட்னிசலோனைத் தேர்வது இதே காரணத்தால்தான். மூக்குச் சதைக்காக அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயும் கணக்கில் சேரும். அதை ஒரு மருந்தாகவே பலர் சொல்வதில்லை. கூட்டு இன்ஹேலரில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெட்டரால் இருந்தால் அதுவும் கூடிப் படபடப்பு வரும். புதிய சிஎஃப்டிஆர் மருந்துகளும் இதே நொதியின் வழியேதான் உடைகின்றன: எலெக்ஸாகாஃப்டர் கூட்டு மாத்திரை எடுக்கும் பெரியவர் இட்ராகோனசோல் தொடங்கினால் தினசரி டோஸ் வாரம் இருமுறையாகக் குறையும், மாலை மாத்திரை நின்றுவிடும். மறுபக்கம், காசநோய்க்கென்று ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் இட்ராகோனசோல் இரத்தத்தில் நிற்கவே நிற்காது.

இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். திரவ மருந்தை வெறும் வயிற்றில். கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலர் என்சைம் நன்றாக வேலை செய்யட்டும் என்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலோ பான்டோப்ரசோலோ எடுக்கிறார்கள். இட்ராகோனசோலும் அமிலம் குறைக்கும் மருந்தும் ஒரே சீட்டில் இருந்தால் கேப்ஸ்யூல் பாதி வீண். கடையில் பிராண்டு மாற்றிக் கொடுத்தாலும் உறிஞ்சும் அளவு மாறலாம். இரண்டு வாரம் கழித்து இரத்த அளவு பார்க்காமல் 'மருந்து கேட்கவில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். கல்லீரல் பரிசோதனை தொடக்கத்திலும் இடையிடையேயும் தேவை. மாற்றாக வோரிகோனசோல் எழுதினால் வெயில் பட்டாலே தோல் வெந்து சிவக்கும். நம்மூர் வெயிலில் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே பஃப்பை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. முதலில் ஆஸ்துமா உண்மையிலேயே இல்லையா என்று பார்க்க வேண்டும்: குடும்பத்தில் ஆஸ்துமா, தோல் அரிப்பு, வந்து போகும் வீசிங், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமாலுக்குப் பின் எஃப்ஈவி1 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுவது இவையெல்லாம் ஆஸ்துமாவின் பக்கம் சாயும். எதுவும் இல்லையென்றால், பிள்ளை தெளிவாக இருக்கும் காலத்தில், பரீட்சையோ மழைக்காலத் தொடக்கமோ இல்லாத மாதத்தில், அளவைப் பாதியாக்கி ஊதும் திறனைப் பார்த்து மறுபடி குறைக்கலாம். அதிக அளவில் நீண்டகாலம் எடுத்தவர், அல்லது அசோல் மருந்தோடு சேர்த்து எடுத்தவர் என்றால் அட்ரீனல் சுரக்கும் கார்டிசோலின் காலை எட்டு மணி இரத்த அளவைப் பார்க்காமல் குறைக்கக் கூடாது. டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அட்ரீனல் தூங்குகிறது. நடுவாந்தரமாக இருந்தால், சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் ஊசிப் பரிசோதனை. பலர் கவனிக்காத கண்ணி ஒன்று இங்கே இருக்கிறது: பஃப்பைத் தொடாமல் இட்ராகோனசோலை மட்டும் நிறுத்தினாலும் ஆபத்துதான். பூட்டிய நொதி திறந்ததும் இரத்தத்தில் ஸ்டீராய்டு அளவு மளமளவென்று விழும், தூங்கும் சுரப்பியோ உடனே எழாது.

எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கே பல வீடுகளில் இருப்பதில்லை. நெபுலைசர் மருந்தை ஸ்டீராய்டாக யாரும் எண்ணுவதில்லை. 'ஆவி பிடிக்கிறோம்' என்பார்கள். 0.5 மில்லிகிராம் புடெசோனைடு ரெஸ்பியூல் (நெபுலைசரில் ஊற்றும் சிறு மருந்துக் குப்பி) காலை, மாலை என்றால் நாளுக்கு 1,000 மைக்ரோகிராம்; 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு அது நடுத்தர அளவின் மேல் எல்லை. 1 மில்லிகிராம் ரெஸ்பியூல் இரண்டு என்றால் அதிக அளவு, சந்தேகமில்லை. சளி அதிகமான வாரத்தில் தொடங்கி, நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டே போவதுதான் வழக்கம்.

தேவைப்பட்டு எடுப்பவர்களுக்கு வரிசையும் சுத்தமும் முக்கியம். முதலில் சால்ப்யூட்டமால், பிறகு 7 சதவீத உப்புநீர் 4 மில்லி, பிறகு நெஞ்சுப் பிசியோதெரபி செய்து சளியை வெளியேற்றுவது, அதன்பின் இழுக்கும் ஆன்டிபயாடிக், கடைசியில் ஸ்டீராய்டு. அடைபட்ட சளிமேல் ஸ்டீராய்டை முதலிலேயே அடித்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சளியை இளக்கும் டோர்னேஸ் மருந்தை எதனோடும் ஒரே கப்பில் கலக்கக் கூடாது. அல்ட்ராசானிக் நெபுலைசரில் புடெசோனைடு சரியாக ஆவியாகாது, கம்ப்ரஸர் வகைதான் வேண்டும். வாயில் கவ்வத் தெரிந்த பிள்ளைக்கு மாஸ்க் வேண்டாம். மாஸ்க் போட்டால் முகம் கழுவ வேண்டும், எப்படி எடுத்தாலும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கப்பை சோப்பு நீரில் கழுவி, நாள்தோறும் ஐந்து நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, காற்றில் முழுக்க உலர்த்த வேண்டும். ட்யூபைக் கொதிக்கவைக்க வேண்டாம். வினிகர் போதாது. கொதித்து எடுத்தபின் குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலையெல்லாம் வீண். ஈரமாகவே பையில் மூடி வைக்கும் கப்பில்தான் பூஞ்சையும் சூடோமோனாஸும் வளரும்.

வித்துகளிடமிருந்து முழுக்க ஒளிந்துகொள்ள முடியாது, அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டவும் வேண்டாம். வைக்கோல் போரைப் பிரிப்பது, எருக்குழி கிளறுவது, மட்கிய உரம் கொட்டுவது, பழைய கட்டடம் இடிக்கும் இடம், மழைக்குப் பின் சுவரில் கறுப்புப் படர்ந்த அறை இவற்றைத் தவிர்த்தால் போதும்.

மருத்துவமனைகளிடமும் சக மருத்துவர்களிடமும் கேட்பது இவைதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எழுதினால் பக்கத்திலேயே காரணத்தையும் மறுபரிசீலனைத் தேதியையும் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் மருந்தும் வேண்டாம். அசோல் மருந்து எழுதும்போது பஃப், மூக்கு ஸ்ப்ரே, ரெஸ்பியூல் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் புதிய சீட்டில்லாமல் ஸ்டீராய்டு ரெஸ்பியூல் கொடுக்க வேண்டாம். அசோலும் ஸ்டீராய்டும் சேர்த்து எடுக்கும், அல்லது கடந்த ஓராண்டில் எடுத்திருந்த நோயாளியின் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். அதில் மருந்துகளின் பெயரும் நிறுத்திய தேதியும் வேண்டும். காய்ச்சலோடு விடாத வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் வந்தாலும், அறுவை சிகிச்சைக்குப் போனாலும் உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடவும் என்ற வரி வேண்டும். அளவும் வேண்டும்: மூன்று வயதுக்குள் 25 மில்லிகிராம், 12 வயது வரை 50, அதற்கு மேல் 100. சர்க்கரை அளவையும் அப்போதே பார்க்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் புதிய டாக்டருக்கு இந்த நோயைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும், அட்டையைப் படித்து ஊசியைப் போட்டுவிட முடியும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நுரையீரல் நல மருத்துவர்,
கோயம்புத்தூர்